ஓட்டும் ஊராட்சிக் காசும்: ராமநாதபுரம் கடலோர ஊர்க் குழுக்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கிராம சபையில் உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டிய தகுதி ஒன்றே ஒன்றுதான்: அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அரசியல் சாசனம் 243-ஆவது பிரிவு கிராம சபையை இப்படித்தான் வரையறுக்கிறது. அதனால் பட்டியலிலிருந்து பெயர் விழுந்தால் ஓட்டு மட்டும் போவதில்லை. குடிநீர்க் குழாய்க்கு எவ்வளவு செலவானது, தெருவுக்குப் போட்ட சாலை ஏன் ஒரு மழைக்குப் பெயர்ந்தது என்று சபையில் கேட்கும் உரிமையும் கூடவே போகிறது. வாக்காளர் பட்டியல் வேலையையும் ஊராட்சிக் கணக்கு வேலையையும் ஒரே குழு, ஒரே நோட்டை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

தொண்டியிலிருந்து மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் சுற்றி கீழக்கரை, வாலிநோக்கம், மூக்கையூர் வரை நீளும் இந்தக் கரையில் ஆண்கள் பாதி நாள் கடலில் இருக்கிறார்கள். வீடுகள் புறம்போக்கில் இருக்கின்றன, ஒரே கதவு எண்ணில் நாற்பது பேர் இருக்கிறார்கள். உள்நாட்டு ஊருக்கு எழுதிய வழிமுறை இங்கே அப்படியே பொருந்தாது.

குழுவை அமைப்பது

தெருவுக்கு ஒருவர் என்று ஏழு முதல் ஒன்பது பேர் போதும். பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். பி.எல்.ஓ. எனப்படும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் பகலில் கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்பவர் பெரும்பாலும் பெண்தான். பல ஊர்களில் ஊர்க்கூட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை. கிராம சபையில் சட்டப்படி இடம் உண்டு. இந்த வித்தியாசத்தைக் குழு தொடங்கும் அன்றே எல்லோருக்கும் புரியவைத்துவிட வேண்டும்.

ஒருவர் பட்டியல் பொறுப்பு, ஒருவர் கணக்குப் பொறுப்பு, ஒருவர் மனுக்களுக்குப் பொறுப்பு. கட்சிக்காரர் குழுவில் இருக்கலாம். ஆனால் கட்சியின் வாக்குச்சாவடி முகவராக இருப்பவர் கையில் நோட்டு இருக்கக் கூடாது. எதிர்க்கட்சிக்காரர் வீட்டுப் பெயர் விழுந்தாலும் அதே வேகத்தில் ஓடுவார்கள் என்று ஊர் நம்பினால்தான் வீட்டுக்கு வீடு கதவு திறக்கும்.

பதிவு செய்யத்தான் வேண்டும் என்பதில்லை. வங்கிக் கணக்கு வைத்துப் பணம் வசூலிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் ஏழு பேரைக் கொண்டு பதிவு செய்யுங்கள். பதிவு செய்தாலும் படிவங்களையும் தகவல் உரிமை மனுக்களையும் தனி நபர் பெயரிலேயே போட வேண்டும். காரணம் பின்னால் வருகிறது.

தெரு நோட்டு

தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் இணையதளத்தில் உங்கள் பாகத்தின் (ஒரு வாக்குச்சாவடிக்கு உட்பட்ட பகுதியின்) பட்டியலைத் தமிழிலேயே இறக்கிக்கொள்ளலாம். மண்டபம், ராமேஸ்வரம் எல்லாம் 211 ராமநாதபுரம் தொகுதி. தொண்டிக் கரை 210 திருவாடானை. சாயல்குடிக் கரை 212 முதுகுளத்தூர். ஒரு பக்கத்துக்கு 30 பெயர் வரும். ஆயிரம் வாக்காளர் உள்ள பாகம் சுமார் 35 பக்கம். முதல் பக்கத்தில் எந்தெந்தத் தெரு இந்தப் பாகத்தில் சேர்ந்தது என்று இருக்கும். அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். ஒரு தெருவே விடுபட்டிருந்தாலோ பக்கத்துப் பாகத்துக்குப் போயிருந்தாலோ அங்கேயே தெரிந்துவிடும்.

நீள நோட்டில் வீட்டுக்கு ஒரு பத்தி. வீட்டு எண், பட்டியலில் உள்ள வரிசை எண்கள், ஒவ்வொருவரின் நிலை, 17 வயது முடிந்தவர், புதிதாக வந்த மருமகள், இறந்தவர். நிலையைப் பென்சிலில் எழுதுங்கள், அடிக்கடி மாறும். ஆதார் எண்ணை நோட்டில் எழுதவே கூடாது. நோட்டு கைமாறும், தொலையும். அடுத்தவர் ஆதார் எண்ணைக் காப்பாற்றும் பொறுப்பு உங்கள் தலையில் விழ வேண்டாம்.

எப்போது போவது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. விசைப்படகு ஊர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தை விட்டால் வேறு நல்ல காலம் கிடையாது. ஆட்கள் வீட்டில் இருப்பார்கள், படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டும் வலை பொத்திக்கொண்டும் கரையிலேயே இருப்பார்கள். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை என்பதால் அந்தத் தெருக்களுக்கு மாலையில் போங்கள். மற்ற மாதங்களில் ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். அந்த நாட்களையும் மறுநாள் காலையையும் விட்டுவிடுங்கள். பி.எல்.ஓ.விடமும் இந்தக் கணக்கை எழுதிக் கொடுங்கள். அவர் பள்ளி ஆசிரியராகவோ அங்கன்வாடி ஊழியராகவோ இருப்பார், சொந்த வேலைக்கு நடுவே வருகிறார். இரண்டு முறை வந்து ஆள் இல்லை என்றால் 'இல்லாதவர்' என்று குறித்துவிட்டுப் போய்விடுவார். பாசி எடுக்கப் போகும் பெண்கள் உள்ள சின்னப்பாலம் போன்ற இடங்களில் விடியற்காலையும் முற்பகலும் பயன்படாது.

2025 நவம்பர் 4-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் (எஸ்.ஐ.ஆர்.) பிறகு, டிசம்பர் 19-இல் வந்த வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்கச் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவரும் இடம் மாறியவரும் இரட்டைப் பதிவும் அதில் நிறைய. ஆனால் உயிரோடு, அதே தெருவில், அதே வீட்டில் இருந்து, கதவு தட்டிய நேரம் மட்டும் வீட்டில் இல்லாதவரும் அந்தக் கூட்டத்தில் கலந்திருப்பார். உங்கள் நோட்டு அவரைக் கண்டுபிடிக்கத்தான்.

எந்த ஆளுக்கு எந்தப் படிவம்

புதிதாகச் சேர படிவம் 6. இடம் மாற, திருத்தம் செய்ய, அட்டை தொலைந்தால் புதிது வாங்க, மாற்றுத்திறன் பதிவுக்கு எல்லாம் படிவம் 8. இறந்தவர், இடம்பெயர்ந்தவர் பெயரை நீக்க படிவம் 7. வெளிநாட்டில் இருப்பவருக்கு 6அ.

அதிகம் நடக்கும் தவறு கல்யாணமாகி வந்த பெண் விஷயத்தில். தங்கச்சிமடத்தில் பெயர் இருக்கும், பாம்பனுக்கு வந்திருப்பார். படிவம் 8 போட வேண்டியதற்குப் பதிலாகப் படிவம் 6 போட்டு, 'வேறெங்கும் பெயர் இல்லை' என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இரட்டைப் பதிவு என்று கண்டுபிடிக்கும்போது சிக்கல் அந்தப் பெண்ணுக்கு. பொய் உறுதிமொழிக்கு 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 31-ஆவது பிரிவில் ஓராண்டு வரை தண்டனை இருக்கிறது. வீட்டில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'ஆத்தா வீட்டுல ஓட்டு இருந்துச்சா தாயி?'

வயது 18 ஆவதைக் கணக்கிட ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதித் தேதிகள். 17 முடிந்தவர் முன்கூட்டியே மனுப் போட்டு வைக்கலாம். முகவரிச் சான்றில் ஆதார், ஓராண்டு மின்/தண்ணீர்/எரிவாயு ரசீது, வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், பாஸ்போர்ட், நில ஆவணம், பதிவான வாடகை ஒப்பந்தம் அல்லது கிரயப் பத்திரம் ஏற்கப்படும். ரேஷன் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. அதை மட்டும் வைத்து அனுப்பி நிராகரிப்பு வாங்காதீர்கள். குடிசைக்கு எந்தக் காகிதமும் இல்லாதவரும் பதியலாம். பி.எல்.ஓ. நேரில் வந்து அங்கேதான் தங்குகிறார் என்று பார்த்து எழுதினால் போதும். வீடே இல்லாதவருக்கு இரவில் வந்து பார்க்க வேண்டும் என்று ஆணையத்தின் நடைமுறை சொல்கிறது. தீவிரத் திருத்தக் காலத்தில் படிவம் 6-உடன் உறுதிமொழிப் படிவம் ஒன்றும் கேட்பார்கள். அதோடு 2002 அல்லது 2005 பட்டியலில் தனக்கோ பெற்றோருக்கோ இருந்த பாகம், வரிசை எண்ணையும் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

குழு செய்யக் கூடாத ஒன்று: ஐம்பது பேர் படிவத்தைக் கட்டாகக் கட்டி ஒருவர் கொண்டுபோய்க் கொடுப்பது. அமைப்புகள் மொத்தமாகத் தரும் மனுக்களை வாங்கக் கூடாது என்பது ஆணையத்தின் விதி. ஒரே குடும்பத்தார் படிவங்களை அந்தக் குடும்பத்தில் ஒருவர் கொடுக்கலாம். குழுவின் வேலை நிரப்பிக் கொடுப்பது, சான்று சரிபார்ப்பது, கூட நிற்பது. ஒவ்வொரு படிவத்துக்கும் ஒப்புகைச் சீட்டையோ குறிப்பு எண்ணையோ வாங்கி நோட்டில் ஏற்றுங்கள். சீட்டு இல்லாத படிவம் கொடுக்காத படிவத்துக்குச் சமம்.

கடலில், கேரளத்தில், சிறையில், வளைகுடாவில்

இந்தக் கரைக்கு இதுதான் உயிர்நாடி. 1950 சட்டத்தின் 20-ஆவது பிரிவை ஒரு தாளில் எழுதி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். தற்காலிகமாக ஊரில் இல்லாததால் மட்டும் ஒருவர் தன் ஊரில் 'வழக்கமாக வசிப்பவர்' என்ற தகுதியை இழப்பதில்லை என்கிறது உட்பிரிவு 1அ. தங்குகடல் (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பது) போனவர், கேரளத் துறைமுகத்தில் மூன்று மாதம் தொழில் பார்ப்பவர், இருவருக்கும் இதே பாதுகாப்பு. வீட்டில் சொல்ல வேண்டிய பதிலும் இதுதான். 'அவர் இங்க இல்லீங்க' என்று நிறுத்திவிட்டால் பெயர் போய்விடும். 'தொழிலுக்குப் போயிருக்காரு, இந்த வீடுதான், திரும்பி வருவாரு' என்று முழுசாகச் சொல்லச் சொல்லுங்கள்.

இலங்கைக் கடற்படை பிடித்துச் சிறையில் வைத்திருப்பவர் குடும்பங்களுக்குக் கூடுதலாக ஒரு விளக்கம் தேவைப்படும். காவலில் இருக்கும் இடத்தை ஒருவரின் வசிப்பிடமாகக் கருதக் கூடாது என்று அதே பிரிவின் உட்பிரிவு 2 சொல்கிறது. அவர் ஊர் இந்த ஊர்தான். மீன்வளத்துறையில் கொடுத்த புகார் நகலோ கைதுச் செய்தியோ பி.எல்.ஓ.வுக்குக் காட்டுங்கள். அவர் கையெழுத்துப் போட முடியாத இடத்தில் குடும்பத்தில் வயது வந்த ஒருவர் விவரம் கொடுக்க முன்வர வேண்டும்.

கீழக்கரை, தொண்டிப் பக்கம் வளைகுடாவில் வேலை செய்பவருக்குப் படிவம் 6அ. இந்தியப் பாஸ்போர்ட் இருக்க வேண்டும், வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருக்கக் கூடாது. பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரிக்கான பாகத்தில் பெயர் சேரும். ஓட்டுப் போட அசல் பாஸ்போர்ட்டுடன் நேரில் வந்தாக வேண்டும்.

மண்டபத்தில் உள்ள இலங்கைத் தமிழர் அகதி முகாம் குறித்துத் தெளிவாக இருங்கள். குடியுரிமை இல்லாதவரைச் சேர்க்க உதவினால் அவரையே ஆபத்தில் தள்ளுவீர்கள். ஆனால் 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையில் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய்ப் பாஸ்போர்ட் பெற்று 2024 தேர்தலில் ஓட்டுப் போட்டார். இந்தத் தேதிக்குள் வருபவருக்குப் பிறப்புச் சான்று இருக்கிறதா என்று பார்த்து வழக்கறிஞரிடம் அனுப்புங்கள். பி.எல்.ஓ. மட்டத்தில் தீரும் விஷயம் இல்லை.

ஒரே கதவு எண்ணில் பலர் என்ற சிக்கலும் இங்கே அதிகம். புறம்போக்குக் குடியிருப்பில் முழுத் தெருவுக்கும் ஒரே எண் விழுந்திருக்கும். மேலிருந்து சரிபார்க்கும்போது அது போலிப் பதிவு போலத் தெரியும். வீட்டு வரி எண் இருந்தால் அதைக் கொண்டு வீட்டுக்கு வீடு படிவம் 8 போட்டுப் பிரித்துவிடுங்கள். அந்தோணி, அந்தோனி என்று பெயர் எழுத்து மாறியதற்கும் அதே படிவம். தந்தை பெயர் எழுத்து ஆதாரில் ஒன்றும் பட்டியலில் ஒன்றுமாக இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள்.

பெயர் நீக்கத்தை எதிர்கொள்வது

வந்த மனுக்களின் பட்டியல்கள் படிவம் 9, 10, 11 என்று வெளியிடப்படும். 9 சேர்க்கை, 10 நீக்கம், 11 திருத்தம். ஆட்சேபிக்க ஏழு நாள். வாரம் ஒருமுறை படிவம் 10-ஐப் பார்ப்பது பட்டியல் பொறுப்பாளரின் முக்கியமான வேலை. உயிரோடிருப்பவர் பெயரில் யாரோ படிவம் 7 போட்டிருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். ஆட்சேபம் போட்டவர் அதே தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும், அவர் பெயர் அதில் இருக்கும்.

பெயரை நீக்கும் முன் அவருக்குத் தன் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்புத் தர வேண்டும் என்று 22-ஆவது பிரிவு சொல்கிறது. நோட்டீஸ் வரவே இல்லை என்றால், நோட்டீஸ் கொடுத்ததற்கான ஆதார நகலை எழுத்தில் கேளுங்கள். தாசில்தார் உதவி வாக்காளர் பதிவு அதிகாரி. அவருக்கு மேல் வாக்காளர் பதிவு அதிகாரி. அவர் உத்தரவுக்கு எதிராக 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு. அங்கும் சரிவரவில்லை என்றால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். கடலுக்குப் போய்வரும் ஆளுக்கு 15 நாள் கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். உத்தரவு கைக்கு வந்த தேதியை அன்றே நோட்டில் எழுதுங்கள்.

இன்னொரு கெடு: வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க முடியாது. விசாரணைக்கு வேண்டிய நாட்களையும் கணக்கிட்டு, அதற்குப் பத்து நாள் முன்பாவது மனு உள்ளே இருக்க வேண்டும்.

நீக்க வேண்டியதையும் நீங்களே செய்யுங்கள். இறந்தவர் பெயருக்கு இறப்புச் சான்றுடன் படிவம் 7. இறந்தவர் பெயர்கள் கிடக்கும் பட்டியலைக் காட்டித்தான் இருப்பவர் பெயரையும் சேர்த்து அடிப்பார்கள்.

ஓட்டுப்பதிவு நாள்

வாக்குச்சாவடி இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், வழியில் ஓடையோ கழிமுகமோ கடக்க வேண்டியிருக்கக் கூடாது. மாற்றக் கேட்பதானால் வரைவுப் பட்டியலுக்கு முன் நடக்கும் சாவடி மறுசீரமைப்பில் கேளுங்கள். தேர்தல் அறிவித்த பின் கேட்டுப் பயனில்லை.

பட்டியலில் பெயர் இருந்து அட்டை இல்லாவிட்டாலும் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், போட்டோ உள்ள பாஸ்புக் போன்றவற்றால் ஓட்டுப் போடலாம். கடலோர ஊர்களில் மக்கள்தொகைப் பதிவேட்டின் கீழ் கொடுத்த ஸ்மார்ட் கார்டும் இந்தப் பட்டியலில் உண்டு. பலர் பெட்டியில் போட்டு மறந்திருப்பார்கள். 85 வயது தாண்டியவரும் 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவரும் வீட்டிலிருந்தே வாக்களிக்கப் படிவம் 12டி. தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும். உங்கள் பெயரில் வேறொருவர் போட்டுவிட்டார் என்றால் திரும்பி வராதீர்கள். அடையாளத்தை நிரூபித்து ஆய்வுக்குரிய வாக்குச் சீட்டைக் கேளுங்கள், தலைமை அலுவலர் படிவம் 17பி-யில் கையெழுத்து வாங்கித் தர வேண்டும்.

ஊராட்சித் தேர்தல் மாநிலத் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு. சட்டமன்றப் பட்டியலைத்தான் அது வார்டு வாரியாகப் பிரிக்கிறது. உங்கள் தெரு சரியான வார்டில் விழுந்திருக்கிறதா என்று மட்டும் ஒன்றிய அலுவலகத்தில் பாருங்கள். தலைவர் பதவியை ஏலம் விட்டுப் பொது நிதிக்குப் பணம் கட்டியவரைப் போட்டியின்றி நிறுத்துவது, நல்ல காரியத்துக்குத்தானே என்று சொன்னாலும், குற்றம்தான். அது ஒரே இரவில் ஊர் மொத்தத்தின் ஓட்டையும் பறித்துவிடுகிறது. இதைத் தடுக்க முடியாத குழு மற்ற எதைச் சாதித்தும் பயன் குறைவு.

பணம் எந்தப் பையிலிருந்து

மனு தோற்பதற்கு முதல் காரணம் தப்பான கதவைத் தட்டுவது. வலை பின்னும் கூடம், மீன் இறங்குதளம், படகுத் துறை மீன்வளத்துறை வேலை. ஊராட்சிக் கணக்கில் தேடினால் கிடைக்காது. காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் ஊருக்கு வெளியே உடைந்தால் குடிநீர் வடிகால் வாரியம். ஊருக்குள் தெருக்குழாய் ஊராட்சி. சமுதாயக் கூடம் போன்றவற்றுக்குச் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி (ஆண்டுக்கு 3 கோடி ரூபாய்), நாடாளுமன்ற உறுப்பினர் நிதி (5 கோடி). கரையை ஒட்டிக் கட்டுவதானால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி வாங்கியாகிவிட்டதா என்று முதலிலேயே கேளுங்கள். பணம் ஒதுக்கி ஆண்டுக்கணக்கில் வேலை தொடங்காமல் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஊராட்சிக்குள் மூன்று கணக்கு. முதல் கணக்கு ஊராட்சியின் பொது நிதி. இரண்டாவது மின்கட்டணமும் குடிநீர்க் கட்டணமும் கட்ட. மூன்றாவது திட்ட நிதி. இதற்கு மேல் மத்திய நிதிக்குழு மானியம். 2021–26 காலத்துப் பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டிய 'கட்டப்பட்ட' பங்கு, 40 சதவீதம் அப்படிக் கட்டுப்பாடு இல்லாத 'கட்டற்ற' பங்கு. தெருவிளக்கைக் கட்டப்பட்ட பங்கில் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். கேட்பவர் எந்தப் பங்கு என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

இங்கே ஓட்டும் காசும் மறுபடி சந்திக்கின்றன. இந்த மாவட்டத்தில் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து நிர்வாகம் தனி அலுவலரிடம் போனது. தேர்ந்தெடுத்த மன்றம் இருக்க வேண்டும் என்பது நிதிக்குழு மானியத்தின் நிபந்தனைகளில் ஒன்று. ஐந்து ஆண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 243இ (243E) பிரிவு சொல்கிறது. தேர்தலை உரிய காலத்தில் நடத்தக் கோரும் தீர்மானமும் குழுவின் நிதிக் கோரிக்கைதான். தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

கிராம சபையில்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கோரம் (கூட்டம் செல்லக் குறைந்தபட்சம் வர வேண்டியவர் எண்ணிக்கை): 500 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. கோரம் இல்லாமல் நடந்த கூட்டத்தின் தீர்மானத்துக்குப் பலம் கிடையாது.

கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே கோரிக்கையை இரண்டு படியாக எழுதிக் கொடுத்து, ஒன்றில் தேதியுடன் ஒப்புகை வாங்குங்கள். ஒரே கோரிக்கை, ஒரே தெரு, ஒரே அளவு. 'ஊருக்குச் சாலை வசதி வேண்டும்' என்பது தீர்மானம் ஆகாது. 'வடக்குத் தெருவில் கோயிலிலிருந்து மீன் ஏலக்கூடம் வரை 120 மீட்டர் சிமெண்ட் சாலை, கட்டற்ற மானியத்தில், அடுத்த ஆண்டுத் திட்டத்தில் சேர்க்க' என்றால் ஆகும். அக்டோபர் 2 கூட்டத்தில் அடுத்த ஆண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டம் வரும். அதில் ஏறாத வேலைக்குப் பிறகு பணம் கேட்பது கடினம்.

தீர்மானப் புத்தகத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று. பல இடங்களில் வந்தவுடன் கையெழுத்து வாங்கிவிட்டு, தீர்மானத்தைப் பின்னால் எழுதுகிறார்கள். வருகைக் கையெழுத்து தனி, தீர்மானம் தனி. தீர்மானத்தை எழுதி, உரக்கப் படித்து, கடைசி வரிக்குக் கீழே கோடு இழுத்த பிறகே அடியில் கையெழுத்துப் போடுங்கள். பக்கத்தைப் போட்டோ எடுங்கள். வரவு செலவு அறிக்கையைப் படிக்காமல் 'மன்றம் அங்கீகரித்தது' என்று எழுதினால், படிக்கவில்லை என்பதையும் பதியச் சொல்லுங்கள்.

நகராட்சி, பேரூராட்சிகளில் (ராமேஸ்வரம், கீழக்கரை, மண்டபம், தொண்டி) கிராம சபை கிடையாது. அங்கே பகுதி சபையும் வார்டு குழுவும். கேள்விகள் இதே கேள்விகள்தான்.

ஒரு சாலையை அளப்பது

ஊராட்சிக் கணக்குகளுக்கான மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி தேர்வு செய்தால் திட்டமும் செலவும் வரும். பெரும்பாலும் நிதிக்குழுப் பணம்தான் அதில் தெரியும். மாநிலத் திட்டங்களுக்குத் தகவல் உரிமை மனு தேவைப்படும்.

மனு ஊராட்சி ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். சங்கத்தின் பெயரில் போட்டால் 'குடிமகன்தான் கேட்கலாம்' என்று திருப்புவார்கள், ஆகவே தனி நபர் பெயர். 'ஏன்' என்று ஒரு வரி கூட எழுதாதீர்கள். இருக்கும் ஆவணத்தை மட்டும் கேளுங்கள். இப்படி:

'... ஊராட்சி, வடக்குத் தெருவில் 2024–25-இல் நடந்த சிமெண்ட் சாலைப் பணிக்கான நிர்வாக அனுமதி ஆணை, மதிப்பீடு, அளவுப் புத்தகப் பக்கங்கள், பணம் வழங்கிய பட்டியல் ஆகியவற்றின் நகல்கள். பிரிவு 2(j)-இன்படி பணியைப் பார்வையிட ஒரு நாள்.'

அளவுப் புத்தகம் என்பது ஓவர்சியர் எழுதும் எம்-புக். அதில் உள்ள எண்ணுக்குத்தான் பணம் போகிறது. 120 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று அதில் இருந்தால் 54 கன மீட்டர் கான்கிரீட்டுக்குப் பில் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். நேரில் டேப் பிடித்தால் 112 மீட்டர், 2.8 மீட்டர், 12 சென்டிமீட்டர் வருகிறது என்று வையுங்கள். அது 37.6 கன மீட்டர். ஒவ்வோர் அளவிலும் கொஞ்சம்தான் குறைந்தது போலத் தெரியும். பெருக்கிப் பார்த்தால் 16 கன மீட்டருக்கு மேல் காணவில்லை.

நம் கரையில் அளக்கும்போது ஒரு தவறு நேரும். காற்றுக்கு மணல் ஏறி சாலையின் இரு ஓரத்தையும் மூடியிருக்கும். கூட்டித் தள்ளாமல் அளந்தால் அகலம் குறைவாக வந்து, பிறகு அதிகாரி கூட்டிக் காட்டி உங்களைப் பொய்யாக்கிவிடுவார். இரு ஓரமும் சுத்தமாகக் கூட்டுங்கள். அகலத்தைப் பத்து மீட்டருக்கு ஒருமுறை அளந்து சராசரி எடுங்கள். கனத்தை ஓரத்தில் மட்டும் பார்க்காதீர்கள், வெட்டுப்பட்ட அல்லது இணைப்பு உள்ள மூன்று இடத்திலாவது பாருங்கள். சாலையை நீங்களே உடைக்காதீர்கள். சான்றிட்ட மாதிரி எடுக்கும் உரிமை தகவல் சட்டத்தில் இருக்கிறது, அலுவலர் முன்னிலையில் எடுக்கக் கேளுங்கள். அளக்கும்போது டேப் தெரியப் போட்டோ, ஐந்து தெருவாசிகளின் கையெழுத்து. வேலை நடக்கும்போதே தகவல் பலகையைப் போட்டோ எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. பலகைகள் சீக்கிரம் காணாமல் போகும்.

பதிலுக்கு 30 நாள். தாண்டினால் நகல் இலவசம். பதில் இல்லை அல்லது அரைகுறை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் சென்னையில் மாநிலத் தகவல் ஆணையம். தவறான அலுவலகத்துக்குப் போயிருந்தால் ஐந்து நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும்.

அளவு குறைந்தது உறுதியானால் குற்றச்சாட்டாக எழுதாதீர்கள். இரண்டு பத்தி போடுங்கள்: எம்-புக் அளவு, நேரில் கண்ட அளவு. கீழே ஒரே கோரிக்கை, பொறியாளர் முன்னிலையில் மறு அளவீடு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர் நாளில் கொடுத்து மனு எண் வாங்குங்கள். மீன்வளத்துறைப் பணியானால் மாதாந்திர மீனவர் குறைதீர் கூட்டம். பெயர் குறிப்பிட்டு 'திருடினார்' என்று எழுதிய மனு அவதூறு வழக்காகத் திரும்பியது போதும்.

ஆண்டுச் சுற்று

தடைக்காலத்தில் தெரு நோட்டு. ஜூன் கடைசிக்குள் 6, 8, 7 படிவங்கள், ஜூலை 1 தகுதித் தேதிக்காரர்களையும் சேர்த்து. ஆகஸ்ட் 15 சபையில், பெயர் விழுந்தவர் பட்டியலைப் படித்துத் தீர்மானமாக ஏற்றுங்கள். அதே வாரம் தகவல் மனுக்களை அனுப்பினால் செப்டம்பரில் எம்-புக் நகல் கையில் இருக்கும், சாலையை அளக்க நேரமும் இருக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் அளந்துவிட வேண்டும், மழைக்குப் பின் அரிப்பின் மேல் பழி போடுவார்கள். அக்டோபர் 2-இல் அளவுகளைச் சபையில் வாசித்து, அடுத்த ஆண்டு வேலைகளைத் திட்டத்தில் ஏற்றுங்கள். வழக்கமான ஆண்டுகளில் அக்டோபர், நவம்பர் வாக்கில் வரைவு வாக்காளர் பட்டியல் வரும். அன்றே இறக்கி, நோட்டுடன் ஒவ்வொரு வரிசை எண்ணாக ஒப்பிடுங்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால், ஒருவர் படிக்க ஒருவர் டிக் அடிக்க, ஒரு பாகம் இரண்டு மாலையில் முடிந்துவிடும்.